எதிர்பார்ப்பை மிஞ்சிப் படிக்கும் பிள்ளைக்குத் துணை நிற்பது எப்படி?

பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில், கட்டடத் தொழிலாளியின் மகள், சுமை தூக்குபவரின் மகன், வீட்டு வேலை செய்யும் தாயின் பிள்ளை எனப் பெற்றோரின் தொழிலை முன்னிறுத்திச் சில மாணவர்களின் படங்கள் செய்தித்தாள்களில் இடம்பெறுகின்றன. அச்செய்திகளில் உள்ள மகிழ்ச்சி உண்மையானது. ஆயினும், இந்த வீட்டிலிருந்து இவ்வளவு மதிப்பெண் வரும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை என்ற வியப்பும் அந்த மகிழ்ச்சியோடு கலந்தே இருக்கிறது. படம் வெளியாகும் அந்த ஒரு வாரத்தில் பிள்ளைக்குச் சால்வை போர்த்தவும் பேனா பரிசளிக்கவும் பலர் வருகிறார்கள். அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளிலும் பிந்தைய ஐந்தாண்டுகளிலும் உடன் நிற்க ஒருவராவது தேவைப்படுகிறார். அந்த ஒருவருக்காகவே இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது.

அவர் வகுப்பாசிரியராக இருக்கலாம். குடும்பத்தில் ஓரளவு படித்த சித்தப்பாவாகவோ அத்தையாகவோ இருக்கலாம். அதே தெருவில் வசிக்கும் அரசு ஊழியராக இருக்கலாம். பெரிய செல்வாக்கோ மிகுந்த பணமோ அவரிடம் இருக்க வேண்டியதில்லை. வீட்டில் எவரும் கல்லூரிக்குப் போகாத ஒரு குடும்பத்தில் திறமையும் உழைப்பும் பெரும்பாலும் தாமாகவே வளர்ந்துவிடுகின்றன என்பதையும், அடுத்த படி எது என்று சொல்ல ஆள் இல்லாத இடங்களில்தான் படிப்பு அறுந்து போகிறது என்பதையும் ஆசிரியப் பணியில் மீண்டும் மீண்டும் கண்டிருக்கிறேன். எனவே, பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதைவிட, அறுந்து போகக்கூடிய அந்த இடங்களை முன்கூட்டியே அறிந்து அங்கே போய் நிற்பதுதான் துணை நிற்பவரின் முதன்மையான வேலை.

முதலில் நம் கணிப்பைத் திருத்திக்கொள்வது

ஒரு மாணவர் எதிர்பார்ப்பை மிஞ்சிவிட்டார் என்றால், எதிர்பார்ப்பைக் குறைவாக வைத்தவர்கள் நாம் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ரோசந்தாலும் பள்ளி முதல்வரான லெனோர் ஜேக்கப்சனும் கலிபோர்னியாவின் ஒரு தொடக்கப் பள்ளியில் நடத்திய ஆய்வை 1968-இல் வெளியிட்டார்கள். அப்பள்ளி மாணவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, இவர்கள் இந்த ஆண்டு அறிவில் வேகமாக வளரப் போகிறவர்கள் என்று ஒரு தேர்வின் முடிவு காட்டுவதாக ஆசிரியர்களிடம் சொல்லிவைத்தார்கள். ஆண்டின் இறுதியில், முதல் இரண்டு வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடத் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். மேல் வகுப்புகளில் அப்படிப்பட்ட வேறுபாடு பெரிதாகத் தெரியவில்லை. அந்த ஆய்வின் முறையும் அதன் விளைவின் அளவும் பின்னர் கடுமையான விவாதத்துக்கு உள்ளாயின என்பதையும் சொல்ல வேண்டும். ஆசிரியரின் எதிர்பார்ப்பு அற்புதங்களை நிகழ்த்துவதில்லை. ஆனால் யாரிடம் கேள்வி கேட்கிறோம், பதில் வரும் வரை எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம், யாருக்குக் கடினமான கணக்கைக் கொடுக்கிறோம், யாருடைய தவற்றை விளக்கித் திருத்துகிறோம் என்பன நம் கணிப்பைப் பொறுத்து மாறுகின்றன என்பதை நேர்மையான எந்த ஆசிரியரும் மறுக்க மாட்டார்.

ஆகவே ஒரு வாரம் உங்களையே கவனித்துப் பாருங்கள். வகுப்பில் கடினமான வினாக்களை யாரை நோக்கி எழுப்பினீர்கள் என்பதை மாலையில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பெரும்பாலும் முன்வரிசையில் இருக்கும் ஐந்தாறு பெயர்களே திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள். பட்டியலில் இடம்பெறாத பெயர்களில்தான் நாம் தேடும் பிள்ளை இருக்கக்கூடும்.

மதிப்பெண் மட்டும் அடையாளம் ஆகாது. ஆசிரியர் சொன்ன வழியை விட்டு வேறு வழியில் கணக்கைப் போட்டு அதை அடித்துவிட்டு, சொன்ன வழியிலேயே மீண்டும் எழுதியிருக்கும் நோட்டு ஓர் அடையாளம். பருத்தி எடுக்கும் காலத்திலோ செங்கல் சூளை நடக்கும் மாதங்களிலோ மட்டும் மதிப்பெண் விழுந்து, பிறகு மீண்டும் ஏறுவது இன்னொன்று. வருகைப் பதிவேட்டையும் மதிப்பெண் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பள்ளிக்கு வந்த நாள்களின் அளவுக்கு மிஞ்சிய மதிப்பெண் பெறும் பிள்ளை யார் என்பது தெரிந்துவிடும். அந்தப் பிள்ளைக்கு வருகை சீரானாலே போதும், பாதி வேலை முடிந்துவிடுகிறது.

இயலாது என்று எல்லோரும் ஒதுக்கிவைத்த இடத்திலும் ஒருமுறை பார்க்க வேண்டும். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலுவின் வலது கால், ஐந்து வயதில் பேருந்து ஏறியதால் சிதைந்தது. தாய் காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காத்தார். அச்சிறுவனை உயரம் தாண்டுதலில் முயன்று பார்க்கச் சொன்னவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கமும், பின்னர் டோக்கியோவில் வெள்ளியும், 2024-இல் பாரிஸில் வெண்கலமும் மாரியப்பன் வென்றார். கால் பாதிக்கப்பட்ட மாணவனை விளையாட்டு வகுப்பில் மரத்தடியில் உட்கார வைப்பது எளிது. அதைச் செய்யாத ஓர் ஆசிரியர் அங்கே இருந்தார்.

எப்படிப் பேசுவது

பாராட்டுவதிலும் ஒரு முறை இருக்கிறது. கரோல் டுவெக், கிளாடியா முல்லர் ஆகிய இருவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வுகளில், ஒரு புதிர்த் தொகுப்பை முடித்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரை அறிவாளி என்றும் வேறு சிலரை நன்றாக உழைத்தாய் என்றும் பாராட்டினார்கள். அறிவாளி என்று பாராட்டப்பட்டவர்கள் அடுத்து எளிய புதிர்களையே விரும்பினார்கள். கடினமான ஒன்றில் தோற்ற பிறகு அவர்களுடைய செயல்பாடு சரிந்தது. உழைப்பைப் பாராட்டப் பெற்றவர்கள் கடினமானதைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்தக் கருத்தை வைத்துப் பள்ளிகளில் நடத்தப்பட்ட பயிற்சிகளின் பயன் பெரும்பாலும் சிறிதாகவே இருந்திருக்கிறது என்பதால் இதை மந்திரமாகக் கொள்ள வேண்டாம். ஆனால் பின்பற்றச் செலவில்லாத ஒரு பழக்கம் இது.

நடைமுறையில், 'நீ கெட்டிக்காரி' என்று முடித்துவிடாமல், 'இந்தக் கணக்கை இப்படித் தொடங்க வேண்டும் என்று உனக்கு எப்படித் தோன்றியது?' என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது பிள்ளை தன் சிந்தனையைத் தானே பார்க்கிறது. நமக்கும் அதன் ஆழம் தெரிகிறது. இன்னொன்றும் மிக முக்கியம். மற்றப் பிள்ளைகளின் முன்னால் இந்தப் பிள்ளையை எடுத்துக்காட்டாக நிறுத்தி, 'இவ்வளவு வறுமையிலும் இவள் படிக்கவில்லையா' என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். வறுமையை அறிவிக்கும் அந்தப் பாராட்டைக் கேட்டு, மறுநாளிலிருந்து கையைத் தூக்காமல் இருந்துவிடும் பிள்ளைகள் உண்டு.

ஒரு பாடத்தில் மட்டும் மிஞ்சுகிற பிள்ளை

எல்லாப் பாடங்களிலும் சீராக முன்னேறும் மாணவருக்குத் துணை நிற்பது ஒப்பளவில் எளிது. ஒன்றில் மலையளவும் மற்றவற்றில் தேர்ச்சிக்குக் கீழும் நிற்கும் மாணவர்தான் நம் அமைப்பில் எளிதாகக் கைநழுவிப் போகிறார். சீனிவாச ராமானுஜனின் வாழ்க்கையை மேதையின் கதையாகவே நாம் சொல்லிவருகிறோம். துணை நிற்பவர்கள் அதை வேறு கண்ணோடு படிக்க வேண்டும். எங்கெங்கே கைவிடப்பட்டார், எங்கெங்கே தாங்கப்பட்டார் என்று பார்க்க வேண்டும்.

1904-இல் கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியிலிருந்து கணிதப் பரிசோடு வெளிவந்த ராமானுஜனுக்குக் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகை கிடைத்தது. கணிதத்தைத் தவிர வேறு எதிலும் மனம் செல்லாததால் மற்றப் பாடங்களில் தவறி, அந்த உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும், பட்டப்படிப்புக்கு முன் அக்காலத்தில் எழுத வேண்டியிருந்த எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. பட்டம் இல்லை, வேலை இல்லை, வீட்டில் வறுமை. கையில் சூத்திரங்கள் நிறைந்த நோட்டுகள் மட்டும் இருந்தன. அந்நிலையில் 1910-இல் திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த, இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்த வி. ராமசாமி ஐயரைப் போய்ப் பார்த்தார். நோட்டைப் புரட்டிய ராமசாமி ஐயர் தம் அலுவலகத்தில் ஒரு கடைநிலை வேலையைக் கொடுத்து அனுப்பிவிடவில்லை. அப்படிச் செய்தால் இவருடைய திறமை அங்கேயே முடங்கிவிடும் என்று கருதி, சென்னையில் கணிதம் அறிந்தவர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்தார். அதன் தொடர்ச்சியாக நெல்லூர் ஆட்சியர் ராமச்சந்திர ராவைச் சந்திக்க வழி பிறந்தது. அவர் மாதம் 25 ரூபாய் அளித்துச் சிறிது காலம் தாங்கினார். 1911-இல் கணிதக் கழகத்தின் இதழில் ராமானுஜனின் முதல் கட்டுரை வெளிவந்தது. 1912 மார்ச்சு முதல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் ஆனார். அங்கே தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயர் கணிதம் படித்தவர். மாலை நேரங்களில் ராமானுஜனோடு உட்கார்ந்து கணக்குகளைப் பார்த்தார். 1913 சனவரி 16 அன்று கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் போயிற்று. அதே ஆண்டில், பட்டமே இல்லாத அந்த எழுத்தருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது.

இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. முதலாவது, பலவீனமான பாடத்தைத் தேர்ச்சி அளவுக்குக் காப்பது. கணிதத்தில் நூறு எடுக்கும் மாணவர் ஆங்கிலத்தில் 35-க்குத் திணறினால், கணிதத்துக்குச் செலவிடும் நேரத்தைக் குறைக்கச் சொல்ல வேண்டாம். நாளுக்கு அரை மணி நேரம் ஆங்கிலத்துக்கு உட்கார ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். அங்கே நூறு தேவையில்லை. கதவு அடைபடாமல் இருந்தால் போதும். இன்று பத்தாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தவறியவருக்கு உடனடித் துணைத்தேர்வு இருக்கிறது. முடிவு வெளியான அன்றே அதற்கு விண்ணப்பிக்கும் நாளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வருத்தத்தில் ஒரு வாரம் ஓடிவிட்டால் விண்ணப்பக் காலம் முடிந்துவிடக்கூடும்.

இரண்டாவது, நமக்குப் புரியாத திறமையைப் புரிந்தவரிடம் சேர்ப்பது. ராமசாமி ஐயர் செய்தது ஒரு கடிதம் எழுதியதுதான். அந்தக் கடிதம்தான் எல்லாவற்றையும் திருப்பியது. ஒரு மாணவரின் கணிதமோ ஓவியமோ நம் அறிவுக்கு மேற்பட்டதாகத் தோன்றினால், மாவட்டத் தலைநகரில் இருக்கும் கல்லூரித் துறைத் தலைவருக்கு மாணவரின் வேலையில் இரண்டு பக்கத்தை இணைத்துக் கடிதம் எழுதுங்கள். பதில் வராவிட்டால் அடுத்தவருக்கு எழுதுங்கள். ஹார்டிக்கு எழுதும் முன் வேறு இரு கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசிரியர்களுக்கு ராமானுஜன் அனுப்பிய கடிதங்களால் பயன் ஒன்றும் விளையவில்லை.

தாள்களும் தேதிகளும்

இந்தப் பகுதி நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். முதல் தலைமுறை மாணவர்களின் படிப்பு நின்று போவதற்கு அறிவுக் குறைவைவிடச் சான்றிதழ்க் குறைவே காரணமாக இருப்பதைக் காணும்போது உண்டாகும் வேதனையை இதை அனுபவித்த எல்லா ஆசிரியர்களும் அறிவார்கள்.

முதலில் பெயர். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, ஆதார், வங்கிக் கணக்கு, சாதிச் சான்றிதழ் ஆகிய நான்கிலும் பிள்ளையின் பெயரும் முதலெழுத்தும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று எட்டாம் வகுப்பிலேயே பாருங்கள். ஒன்றில் தந்தையின் பெயர் முழுமையாகவும், இன்னொன்றில் முதலெழுத்து மட்டுமாகவும், மூன்றாவதில் ஆங்கில எழுத்துக்கூட்டல் மாறியும் இருப்பது நம் ஊரில் மிக வழக்கம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் அச்சான பிறகு பெயரைத் திருத்துவது பெரும் அலைச்சல். அதற்கு முன்பு என்றால் பள்ளியிலேயே முடித்துவிடலாம்.

அடுத்து, மாணவரின் பெயரில் ஆதாருடன் இணைக்கப்பட்ட வங்கிக் கணக்கு. உதவித்தொகைகள் பெரும்பாலும் மாணவரின் கணக்குக்கே நேரடியாக வருகின்றன. கணக்கு இருந்தும் இணைப்பு இல்லாததால் பணம் வராமல் போவது உண்டு. சாதி, வருமானம், இருப்பிடம், முதல் தலைமுறைப் பட்டதாரி ஆகிய சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். வருவாய்த் துறை விசாரணைக்குப் பிறகு அவை வழங்கப்படுகின்றன. மே, ஜூன் மாதங்களில் கூட்டம் மிகும் என்பதால் பன்னிரண்டாம் வகுப்பின் அரையாண்டு விடுமுறைக்குள் வாங்கிவிடுவது நல்லது. வருமானச் சான்றிதழுக்குக் காலவரம்பு உண்டு. பழையதை நம்பி இருக்க வேண்டாம்.

தேர்வுகளும் உதவித்தொகைகளும் வகுப்பு வாரியாக வருகின்றன. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு இருக்கிறது; பெற்றோரின் ஆண்டு வருமானம் 3.5 லட்சத்துக்கு மிகாத அரசு, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்கள் எழுதலாம். தேர்ந்தெடுக்கப்பட்டால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வும், அதற்குப் பிந்தைய வகுப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வும் உள்ளன. உயர்கல்வியில், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், அதே வகையில் மாணவர்களுக்கு 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் இப்போது இவற்றில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். விதிகள் மாறக்கூடியவை என்பதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைத் தலைமையாசிரியரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையை வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பத்தாம் வகுப்பில் எதிர்பாராத மதிப்பெண் எடுத்த அரசுப் பள்ளி மாணவரைத் தேடித் தனியார் பள்ளிகளிலிருந்து அழைப்பு வரும். கட்டணம் வேண்டாம், விடுதியும் இலவசம் என்பார்கள். பெற்றோர் நெகிழ்ந்துபோய் ஒப்புக்கொள்வார்கள். நம்மைப் போன்ற துணை நிற்பவர்களே நல்லெண்ணத்தால் அதை ஏற்கச் சொல்வதும் உண்டு. ஆனால் மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய தொழிற்படிப்புகளில் 2021 முதலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு வழங்கப்படும் 7.5 விழுக்காடு முன்னுரிமை, பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளைத் தனியார் பள்ளியில் படித்தவருக்குக் கிடைக்காது. அந்த முன்னுரிமையில் இடம் பெறுவோரின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் உதவியும் அதே போலக் கைவிட்டுப் போய்விடும். இரண்டு ஆண்டு இலவசப் படிப்புக்காக நான்கைந்து ஆண்டு உரிமையை இழக்கிறோமா என்று கணக்குப் பார்த்துவிட்டே முடிவு செய்ய வேண்டும். பள்ளியில் அறிவியல் ஆசிரியரே இல்லை என்பது போன்ற கடுமையான குறை இருந்தால், வேறொரு அரசு மேல்நிலைப் பள்ளிக்கோ மாவட்டத்தில் உள்ள அரசு மாதிரிப் பள்ளிக்கோ மாற முடியுமா என்பதை முதலில் பாருங்கள்.

கலந்தாய்வின்போது செய்ய வேண்டியது ஒன்று, செய்யக்கூடாதது ஒன்று. செய்யக்கூடாதது, கலந்தாய்வு தொடங்கும் முன் ஏதேனும் ஒரு கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டில் முன்பணம் கட்டுவது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை ஒற்றைச் சாளரக் கலந்தாய்வின் வழியாக அரசு ஒதுக்கீட்டில் சேருபவருக்கே கிடைக்கும். ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே கிடைக்கும் என்பதையும் அண்ணன் தங்கை இருவர் படிக்கும் வீட்டில் எடுத்துச் சொல்லுங்கள். செய்ய வேண்டியது, பொறியியல் கலந்தாய்வில் விருப்பப் பட்டியலை மாணவரோடு உட்கார்ந்து தயாரிப்பது. முந்தைய ஆண்டு எந்தக் கட் ஆஃப் மதிப்பெண்ணுக்கு எந்தக் கல்லூரி கிடைத்தது என்ற பட்டியல் இணையத்தில் இருக்கிறது. உண்மையில் விரும்புவதை மேலேயும், கிடைத்தால் போதும் என்பதைக் கீழேயும் வரிசைப்படுத்தி, பட்டியலை நீளமாகக் கொடுக்க வேண்டும். கணினி மையத்தில் நிரப்பிக் கொடுப்பவரின் விருப்பப்படி வரிசை அமைந்துவிட்டு, பிறகு அழுத மாணவர்கள் இருக்கிறார்கள்.

மருத்துவமும் பொறியியலும் மட்டுமே உயர்வு என்ற எண்ணத்தையும் சற்று விலக்கிப் பார்க்கலாம். கணிதத்தில் மெய்யான ஆர்வம் உள்ளவருக்குச் சிறுசேரியில் உள்ள சென்னை மேதமேட்டிக்கல் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. அறிவியல் ஆய்வில் ஆர்வம் உள்ளவருக்கு ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள் இருக்கின்றன. இவற்றுக்கான நுழைவுத் தேர்வுகளின் பெயர்கூடப் பல ஊர்களின் பள்ளிகளுக்கு எட்டுவதில்லை. அந்தப் பெயரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே ஒரு பெரும் உதவி. கடன் தேவைப்பட்டால், நான்கு லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்கு வங்கிகள் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்ற அளவிலாவது தெரிந்துகொண்டு, பெற்றோரோடு வங்கிக்கு நீங்களும் செல்லுங்கள். விவரம் அறிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் பேச்சின் தொனி மாறுகிறது.

வீட்டில்

தியாகம் செய்யும் குடும்பங்கள் பெரும்பாலும் அதை வெளியில் சொல்வதில்லை. அப்துல் கலாம் சென்னை எம்.ஐ.டி.யில் சேரக் கட்டணமாகத் தேவைப்பட்ட ஏறத்தாழ ஆயிரம் ரூபாய்க்கு அவருடைய அக்கா ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். அதை மீட்டுக் கொடுப்பேன் என்று கலாம் தாமாகவே உறுதி எடுத்துக்கொண்டார். பிள்ளை தானாக உணர்ந்து சுமக்கும் கடன் வலிமை தரக்கூடும்; நாள்தோறும் பெற்றோரும் உறவினரும் நினைவூட்டும் கடன் மூச்சை அடைக்கும். 'உனக்காகத்தான் நகையை வைத்தோம், நிலத்தை விற்றோம்' என்பதைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்ல வேண்டாம் என்று பெற்றோரிடம் தனியாக, மரியாதையோடு எடுத்துச் சொல்லுங்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை, அச்சத்தில் சொல்கிறார்கள். அச்சத்துக்கு மருந்து தகவல்தான்: அடுத்த ஆண்டு எவ்வளவு செலவாகும், அதில் எவ்வளவு உதவியாக வரும் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினால் அந்தப் பேச்சு தானே குறையும்.

பெண் பிள்ளை என்றால் வீட்டு வேலையின் அளவைக் கேட்க வேண்டும். தண்ணீர் பிடிப்பது, தம்பியைப் பார்த்துக்கொள்வது, இரவுச் சமையல் ஆகியவற்றுக்குப் பிறகு எத்தனை மணிக்குப் புத்தகத்தைத் திறக்கிறாள் என்று விசாரியுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடியும் தறுவாயில் திருமணப் பேச்சு எழுகிறதா என்பதையும் தாயிடம் பேசும் ஆசிரியை அறிந்துகொள்ளலாம். பதினெட்டு வயதுக்கு முன் என்றால் சட்டமே குறுக்கே நிற்கிறது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கிறது. ஆனால் பல வீடுகளில், கல்லூரியில் இடமும் மாத உதவித்தொகையும் உறுதியாகிவிட்டது என்ற செய்தியே அந்தப் பேச்சைத் தள்ளிவைக்கப் போதுமானதாக இருந்திருக்கிறது.

கல்லூரியின் முதல் ஆண்டு

ஊரே கொண்டாடி அனுப்பிவைத்த மாணவர், கல்லூரியின் முதல் பருவத்தில் இரண்டு அரியர்களோடு நிற்கும்போது, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் ஒடுங்கிப்போகிறார். வாழ்க்கையில் முதல் தோல்வி என்பதும், ஊரில் எல்லோரும் தன்னைப் பெருமையாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் சேர்ந்து அவரை அழுத்துகின்றன. தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் விரிவுரை கேட்பவருக்கு முதல் சில மாதங்கள் எதுவும் புரியாமல் போவது இயல்பு. அது அறிவின் குறை இல்லை என்பதைக் கல்லூரிக்குப் போகும் முன்பே சொல்லி அனுப்ப வேண்டும். சேரும் முன் கிடைக்கும் கோடை வாரங்களில், பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு அறிவியல் பாடநூல்களின் ஆங்கிலப் பதிப்பை வாங்கி, ஏற்கெனவே தெரிந்த பாடங்களையே ஆங்கிலத்தில் படிக்கச் செய்யுங்கள். பொருள் தெரிந்திருப்பதால் சொல் எளிதில் பிடிபடும். இந்த ஒரு வேலை பல மாத அவதியைக் குறைக்கிறது.

அதே ஊரிலிருந்தோ அதே பள்ளியிலிருந்தோ சென்று அக்கல்லூரியில் படிக்கும் மூத்த மாணவர் ஒருவரைத் தேடி அறிமுகம் செய்து வையுங்கள். வாரம் ஒருமுறை நீங்களே தொலைபேசியில் பேசுங்கள். அப்போது மதிப்பெண்ணைக் கேட்க வேண்டாம். சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, அறையில் யார் இருக்கிறார்கள், இரவு தூக்கம் வருகிறதா என்று கேளுங்கள். கேம்பிரிட்ஜில் ராமானுஜனுக்குக் கணிதத்தில் குறையேதும் நேரவில்லை. 1916-இல் பட்டம், 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் தகுதி என எல்லாம் வந்தன. போர்க்காலத்தில் சைவ உணவுக்கான தட்டுப்பாடும், குளிரும், தனிமையும், நோயும்தான் அவரை வீழ்த்தின. 1919-இல் நாடு திரும்பி மறு ஆண்டே 32 வயதில் காலமானார். பெருமையான செய்திகள் வந்துகொண்டிருக்கும்போதே ஒரு மனிதர் உள்ளே தளர்ந்துகொண்டிருக்க முடியும் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

பேச்சில் ஆர்வம் குறைவது, அழைப்பை எடுக்காமல் இருப்பது, ஊருக்கு வருவதைத் தவிர்ப்பது, 'நான் எல்லோரையும் ஏமாற்றிவிட்டேன்' என்பது போன்ற சொற்கள் ஆகியவற்றை இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நேரில் போய்ப் பாருங்கள். டெலி மானஸ் என்னும் மனநல உதவி எண் 14416 எந்நேரமும் செயல்படுகிறது, தமிழிலும் பேசலாம். அந்த எண்ணைக் கல்லூரிக்குப் புறப்படும் நாளிலேயே மாணவரின் கைப்பேசியில் பதிவுசெய்து கொடுங்கள். தேவை வந்த பிறகு தேட வேண்டியிருக்கக் கூடாது.

எதிர்பார்ப்பு எல்லை மீறும்போது

எதிர்பார்ப்பை ஒருமுறை மிஞ்சியவரிடம் அடுத்த முறை எதிர்பார்ப்பதற்கு அளவே இல்லாமல் போய்விடுகிறது. பத்தாம் வகுப்பில் முதலிடம் பெற்றவர் மருத்துவராகியே தீர வேண்டும், மாவட்ட ஆட்சியராகியே தீர வேண்டும் என்று ஊர் முடிவு செய்துவிடுகிறது. நீட் தேர்வை மீண்டும் எழுதுவதா, வேறு படிப்பில் சேருவதா என்ற கேள்வி வரும்போது, மாணவரைத் தனியே அழைத்து அவருடைய விருப்பத்தைக் கேளுங்கள். மறுபடியும் எழுத விரும்பினால், கடந்த முறை எந்தப் பாடத்தில் எவ்வளவு மதிப்பெண் குறைந்தது, அதைச் சரிசெய்ய இந்த ஆண்டு என்ன புதிதாகச் செய்யப் போகிறோம் என்பதை எழுதிப் பாருங்கள். புதிதாக ஒன்றும் இல்லையென்றால், வேறு படிப்பில் சேர்ந்துகொண்டே முயல்வது பாதுகாப்பானது. மருத்துவம் வேண்டாம், வரலாறு படிக்கிறேன் என்று அவர் சொன்னால், அந்த முடிவைப் பெற்றோரிடம் எடுத்துச் சொல்லும் சங்கடத்தை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அதற்கும் சேர்த்துத்தான் துணை நிற்கிறோம்.

நம் பங்கைக் குறைத்துக்கொள்வதற்கும் ஒரு காலம் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் ஆண்டில் உதவித்தொகைப் புதுப்பிப்பு விண்ணப்பத்தை நாம் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பலாம். இரண்டாம் ஆண்டில் மாணவர் நிரப்பட்டும், நாம் சரிபார்ப்போம். மூன்றாம் ஆண்டில் கேட்டால் மட்டும் பார்ப்போம். சான்றிதழ்களின் அசலையும் நகலையும் வருடி எடுத்த படங்களையும் ஒரே கோப்பில் அடுக்கி, எது எங்கே வாங்கப்பட்டது, எப்போது காலாவதியாகும் என்ற குறிப்பை அதன் முன்பக்கத்தில் ஒட்டி, அந்தக் கோப்பை இரண்டாம் ஆண்டின் தொடக்கத்திலேயே மாணவரின் கையில் ஒப்படைத்துவிடுங்கள்.